கழுவிய உப்பு

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கிறபோது திவ்யா பக்கத்தில் இருந்தால், முதலில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அவளுக்குத் தெரியக் கூடாத எதையும் நான் எழுதவில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் எடுத்தவுடன் இதைப் படிக்க வேண்டாம். நீ படி. பிறகு அவளிடம் எப்படிச் சொன்னால் பயப்பட மாட்டாளோ அப்படிச் சொல்லு. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பாதியில் அழுது தொலைப்பேன், நீ "சரி வுடும்மா" என்று வைத்துவிடுவாய், விஷயம் அந்தரத்தில் நிற்கும். பத்தாவது வரைக்கும் படித்தவள்தானே, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன் எழுதிய மூன்றும் அடுப்புக்குப் போயாயிற்று.

நீ போனை வைத்து இன்றோடு நாற்பது நாள். அன்றைக்கு நடந்ததில் தப்பு என்னுடையதுதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். திவ்யாவுக்கு மூன்று மாதம், வாந்தி குறைந்திருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டை எல்லாம் மாற்றிவிட்டாள் என்றாய். "இப்ப பாக்கெட் உப்பே வாங்கறதில்லம்மா. இந்துப்புதான். ரோஸ் கலர்ல இருக்கும். அதுல கெமிக்கல் எதுவும் இல்ல" என்றாய். அந்த வார்த்தையில் பயந்துவிட்டேன். பயந்தவள் நிதானமாகக் கேட்டிருக்க வேண்டாமா? கத்தினேன். "உம் பொண்டாட்டி படிச்ச படிப்புல புள்ளையக் கெடுத்துடப் போறா" என்றேன். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துச் சொல்லுகிற பேச்சா அது? நாக்கில் சூடு வைத்தாலும் தகும். நீயும் பதிலுக்குச் சொன்னாய். "செல்வி அக்காவுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போகத் தெரியாத மனுசனோட வாழ்ந்துட்டு, எங்களுக்கு நீ புள்ள வளக்கச் சொல்லித் தரியா?" என்றாய். அந்த மனுசன், உன் அப்பா, செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நீ வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சரி, எத்தனை நாளைக்கு இருக்கிறான் பார்ப்போம் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். வீம்பு எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் கண்ணு, இந்த வீட்டில் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு சரோஜா அவள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள், பூட்டுத்தான் தொங்குகிறது. சத்துணவுக் கூடத்தில் வேலை இருந்தவரைக்கும் நூறு பிள்ளைகளின் கூச்சல் காதில் விழும். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு அதுவும் இல்லை. காலையில் செல்விக்குத் தலை சீவுகிறபோது நான் பேசிக்கொண்டேதான் சீவுகிறேன். அவளுக்குக் கேட்காது என்று தெரியும். எனக்குக் கேட்கட்டும் என்று பேசுகிறேன். போன வாரம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் அவரைக்காய் விலை கேட்கிறபோது குரல் கட்டி, கரகரவென்று யாரோ பேசுகிற மாதிரி வந்தது. கடைக்காரப் பெண் "ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், மானத்துக்குப் பயந்து வந்துவிட்டேன்.

உன் அக்காவைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வளர்த்த கதை உனக்கு மனப்பாடம். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். அப்பா கரும்பு வெட்ட மொரப்பூர் பக்கம் போய்விட்டார், இரண்டு நாளாக ஆளைக் காணோம். அவர் வந்து தருமபுரிக்குத் தூக்கிப் போவதற்குள் காதும் போச்சு, பேச்சும் போச்சு, புத்தியும் வளராமல் நின்றுவிட்டது. இதைத்தான் உன்னிடம் சொன்னேன், உறவுக்காரர்களிடம் சொன்னேன், கேட்ட டாக்டர்களிடமும் சொன்னேன். காய்ச்சல் வந்தது நிஜம். அவர் இரண்டு நாள் கழித்து வந்ததும் நிஜம். ஆனால் காய்ச்சலால் எதுவும் போகவில்லை. அதற்கு முன்பே எதுவும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

செல்வியைச் சுமந்த காலத்தில் என் கழுத்து முன்பக்கம் லேசாக வீங்கியிருந்தது. தாலிக்கயிறு மேலே ஏறி நிற்கும். சரோஜா, "ஏண்டி, தொண்டைக்குள்ள எலுமிச்சங்காய முழுங்கினியா?" என்று கேலி செய்வாள். ஊருக்கு வந்த நர்சம்மா ஒரு நாள் என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அயோடின் பத்தலம்மா. இந்தப் பக்கம் நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்குது. புள்ளையோட மூளை வளர்றதுக்கு அது வேணும். வண்டியில வர உப்ப நிறுத்திட்டு, அயோடின் போட்ட பாக்கெட் உப்பு வாங்கிப் போடு. கழுத்த ஆஸ்பத்திரியிலயும் காட்டிடு" என்றார். ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. உப்பை மட்டும் உன் அப்பாவிடம் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அடுத்த சந்தையிலேயே அந்தக் கல்லுப்புப் பாக்கெட்டை வாங்கி வந்து, ஏதோ நகை வாங்கி வந்த மாதிரி என் கையில் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷன் அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுவினேன். நம் பக்கம் வண்டி உப்பு மண்ணும் தூசியுமாக வரும். கூடையில் கொட்டி, மேலே இரண்டு சொம்புத் தண்ணீர் விட்டு அலசி, வெள்ளை வேட்டியில் பரப்பிக் காயவைத்துத்தான் பானையில் போடுவோம். எல்லோரும் ஒரு அலசு அலசினால் நான் மூன்று அலசு. என் வீட்டு உப்பு மல்லிகைப்பூ மாதிரி இருக்கும் என்று எனக்குத் தலைக்கனம். பாக்கெட்டில் வந்தால் என்ன, உப்பு உப்புதானே, யார் யார் கை பட்டதோ என்று அதையும் அலசினேன். பிள்ளை பிறக்கிறவரைக்கும் ஒரு பாக்கெட் விடாமல் அலசினேன். பிறந்த பிறகும் அலசினேன்.

செல்விக்கு ஆறு மாதம் இருக்கும். அவள் மல்லாந்து படுத்து ஓட்டுச் சந்தில் வருகிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தவறி வெண்கலத் தட்டு அவள் தலைமாட்டில் விழுந்து உருண்டது. கொல்லைப்புறத்தில் இருந்த நாய்கூட எழுந்து குரைத்தது. இவள் கண்ணைச் சிமிட்டவில்லை. நான் தட்டை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டேன். வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். நான்கு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. எனக்கு, சொல்ல வாய் கூசுகிறது கண்ணு, எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "நீ இருந்திருந்தா எம் புள்ளைக்கு இந்த கதி வந்திருக்குமா?" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குக் குனிந்த தலைதான்.

அப்போதும் உப்பு என் நினைவில் இல்லை. அது தெரிந்தது செல்விக்கு மூன்று வயதானபோது, நான் சத்துணவில் உதவியாளாகச் சேர்ந்த வருஷம். நீ என் வயிற்றில் இரண்டு மாதம். உப்பைச் சோதித்துக் காட்டுகிறோம், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வாருங்கள் என்று சுகாதாரத்துக்கார அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்ன மருந்துப் புட்டி. உப்பின் மேல் இரண்டு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் ஊதா நிறம் ஆகிவிடும். பள்ளிக்கூடத்துச் சாக்கில் எடுத்த உப்பு ஊதா ஆனது. சரோஜாவின் உப்பு பழுப்பேறிக் கிடந்தது, நான்தான் முதலில் சிரித்தேன். அதுவும் ஊதா ஆனது. பெருமையாக என் உப்பை நீட்டினேன். "அடேங்கப்பா, எவ்வளவு சுத்தம்!" என்றார் அந்த அம்மா. சொட்டு விட்டார். வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்படியேதான் இருந்தது.

"எந்தக் கடைம்மா?"

"சரோஜா வாங்கற அதே கடைதாங்க. அதே பாக்கெட்டுதாங்க."

அவர் என் உப்பை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கழுவினியா?" என்றார்.

"மூணு தண்ணிங்க" என்றேன், அப்போதும் பெருமையாக.

"அயோடினக் கல்லு மேலதாம்மா தெளிச்சிருப்பாங்க. மூணு தண்ணியில அலசினா அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எங்க தெருச் சாக்கடைதான் நல்லாப் படிச்சு வேலைக்குப் போவப் போவுது" என்று சரோஜா சொன்னாள், இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குள் போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா கிளம்புகிறபோது பின்னாலேயே ஓடி, நான் முழுகாமல் இருப்பதை மட்டும் சொன்னேன். என் கழுத்தைப் பார்த்தவர் மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டுக்கு மாத்திரை கொடுத்தார்கள், இந்தத் தடவை ஒரு நாள் தவறாமல் போட்டேன். வீட்டில் உப்புக் கழுவுவதை நிறுத்தினேன். உன் அப்பா ஒரு நாள் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன், உப்ப அலசறதில்லையா இப்ப?" என்றார். "தண்ணி பஞ்சம்" என்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்த மாதம் அது. அவர் வெளியே மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நீ பிறந்த பதினைந்தாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதே வெண்கலத் தட்டை உன் தலைமாட்டில் போட்டேன். நீ கை காலை உதறி வீறிட்டு அழுதாய். அந்த அழுகையை நிறுத்தக்கூட எனக்கு மனசில்லை. நீ அழ அழ நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். செல்வி ஓடி வந்து, உன் வாய் ஏன் இப்படித் திறந்திருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தாள்.

உப்பால்தான் அவளுக்கு அப்படி ஆனது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒருவரிடம் மட்டும் கேட்டேன். "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருஷத்துக்கு அப்பறம் யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அந்த "இல்லாமலும் இருக்கலாம்" என்பதை நான் நல்ல நாளில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். மற்ற நாளில் அது என்னிடம் நிற்பதில்லை. ஆனால் உன் அப்பா காரணம் இல்லை என்பதில் எந்த "இருக்கலாம்"உம் கிடையாது. அது எனக்கு முழுசாகத் தெரிந்தும், நீ அவரை வெறுத்து வளர்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலேஜில் படிக்கிறபோது நீ சென்னைக்கு ரயில் ஏற, ஒவ்வொரு தடவையும் அவர்தான் உன்னை மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவார். வழி நெடுக நீ ஒரு வார்த்தை பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தவரிடம் "என்னா சொன்னான்?" என்று கேட்பேன். "நல்லாப் பேசினு வந்தான். என்னையச் சாப்புடச் சொன்னான்" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் சாவுக்கு வந்த நீ மூன்றாம் நாளே லீவு இல்லை என்று கிளம்பினாய். பால் தெளித்த கையோடு போனாய். அன்றைக்காவது உன்னை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். வாசல்வரைக்கும் வந்தேன், "பாத்துப் போ சாமி" என்றுதான் வாயில் வந்தது.

சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உப்புக் கதையைச் சொன்னேன். முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். நீங்க பள்ளிக்கோடத்துல சிரிச்ச அன்னிக்கு சாயங்காலமே டீக்கடையில அதுதான் பேச்சு" என்றார். அத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே தலையைக் குனிந்திருந்தார், கண்ணு. "பின்ன ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "கேட்டா நீ தாங்குவியா? பையங்கிட்டயும் சொல்லாத. எம்மேல இருக்கற கோவம் இருந்துட்டுப் போவுது. உம்மேலயும் வந்துட்டா அவன் இந்த வூட்டுப் பக்கம் திரும்ப மாட்டான். அப்பறம் இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கறா?"

அவர் கேட்டது சரிதான். எனக்குப் பிறகு செல்விக்கு உன்னை விட்டால் நாதி இல்லை. இதைப் படித்த பிறகு நீ என் முகத்திலேயே விழிக்காமல் போகலாம். அந்தப் பயத்தில்தான் நாற்பது நாள் எழுதி எழுதி எரித்தேன். ஆனால் அங்கே திவ்யாவுக்கு ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. இந்நேரம் நான்கு மாதம் தாண்டியிருக்கும். ஒரு பிள்ளைக்கு வழி வேண்டும் என்று இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை விழுங்க என்னால் முடியவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை இதோ மீறிவிட்டேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதை மட்டுமாவது கேள். நாளைக்கே டாக்டரம்மாவிடம் திவ்யாவைக் கூட்டிப் போ. என் கழுத்தைப் பற்றிச் சொல்லு, இத்தனை நாள் என்ன உப்புப் போட்டீர்கள் என்று சொல்லு. தைராய்டு ரத்தப் பரிசோதனை முன்பே எடுத்திருந்தால் அந்தச் சீட்டைக் காட்டிக் கேள், எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லு. அவள் பயப்பட வேண்டாம். மீன், பால், முட்டை எல்லாம் சாப்பிடுகிறவள், அவளுக்கு ஒரு குறையும் இல்லாமலே இருக்கலாம். இந்துப்பு விஷம் ஒன்றுமில்லை, ஆனால் அயோடின் சேர்த்தது என்று உறையில் எழுதாத உப்பை நம்பி இருக்காதீர்கள். அப்படி எழுதிய உப்பை வாங்கி, மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடு படாமல் தள்ளி வைத்து, குழம்பை இறக்குகிற நேரத்தில் போடட்டும். சத்து என்று அதிகமாக அள்ளிப் போடவும் வேண்டாம், வழக்கமாகப் போடுகிற அளவுதான். கடல்பாசி மாத்திரை என்று அவள் சிநேகிதி ஏதோ சொன்னதாக அன்றைக்குப் போனில் சொன்னாயே, அதை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்றுதான் எனக்கு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அயோடின் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரம்மா சொல்லட்டும். மாமியார் சொல்ல வேண்டாம். திவ்யாவிடம், அன்றைக்கு அத்தை பேசியது அத்தையின் பயம், அவள்மேல் கோபம் இல்லை என்று சொல்லு. அவள் என்னைவிட நூறு மடங்கு கவனமாக இருக்கிறவள். கவனம் போதாது என்பதற்கு நானே சாட்சி, அதனால்தான் பதறினேன்.

கூடவே உன் அப்பாவின் போட்டோ ஒன்றை வைத்திருக்கிறேன். மொரப்பூர் ஸ்டேஷனில் நீ ரயில் ஏறிய ஒரு நாள், உன் சிநேகிதன் யாரோ எடுத்து அனுப்பியது. நீ படியில் நிற்கிறாய், அவர் உன் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறார். உன் வீட்டில் அவர் படம் இல்லை என்று எனக்குத் தெரியும், வந்தபோது பார்த்தேன். அதை மாட்டு. அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அப்படியே என்மேல் வைத்துக்கொள். எனக்கு அது சேர வேண்டியதுதான், நான் முணுமுணுக்க மாட்டேன். செல்வியை மட்டும் அதில் சேர்க்காதே.

என்னோடு பேச மனசு வராவிட்டால் பேச வேண்டாம். பரிசோதனை நல்லபடியாக வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு, எடுக்க மாட்டேன், புரிந்துகொள்கிறேன். செல்விக்கு மணி கேட்காது, ஆனால் போன் அதிர்வதும் உன் முகம் தெரிவதும் அவளுக்குத் தெரியும். நீ கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவாள் என்பது உனக்கே தெரியும். இந்த நாற்பது நாளும் போனை என்னிடம் தரவே மாட்டேன் என்கிறாள். சார்ஜ் போடக் கேட்டால்கூட முறைக்கிறாள். நான் இதை எழுதுகிறபோது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

அம்மா